ஞாயிற்றுக்கிழமைப் பாத்தியதை

2024 ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. சௌமியா ஐந்தாம் வகுப்பு. புது ஷூ கடிக்கிறது என்று காலையிலேயே அழுகை. ஷூ கம்பெனியில் செக்கிங் பார்ப்பவளின் மகளுக்கு ஷூ கடிக்கிறது! ஆம்பூர் பூராவும் சிரிக்கும்.

வேலை முடிந்து வந்தால் அப்பா வாசலில் ஒரு கவரை இரண்டு விரலால் பிடித்தபடி நிற்கிறார், செத்த எலியைப் பிடிப்பது போல. குடியாத்தத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ். குழந்தையை உடனே தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டுமாம். தவறினால் விவாகரத்தும் கேட்டு, குழந்தையையும் கேட்டு வழக்காம். கீழே அவர் பெயர்: கோபிநாத்.

இது அவர் எழுதச் சொன்னது இல்லை. ஒரு வரியில்கூட அவர் வாசனை இல்லை. அவர் அக்கா பங்கஜம் அண்ணியின் வாசனைதான் அடிக்கிறது.

அப்பா கேட்டார்: “இன்னாம்மா, படிச்சிட்டியா? சாப்பிடலாமா?”

2024 ஜூன் 12, புதன்

வக்கீலிடம் உளறக் கூடாது என்பதற்காக எழுதிப் பார்க்கிறேன்.

அவர் என்னை அடித்ததில்லை. குடிப்பதில்லை. லுங்கித் தறி ஓடும் வீடு, நல்ல வருமானம். குறை ஒன்றே ஒன்றுதான். எதைக் கேட்டாலும் “அக்காவைக் கேட்டுச் சொல்றேன்.” நான் எந்தப் புடவை கட்ட, குழந்தைக்கு எந்த டாக்டர், ஃபேன் இரண்டில் ஓடலாமா மூன்றில் ஓடலாமா — எல்லாம் அக்கா. அம்மா செத்த பிறகு அவரை வளர்த்தது அந்த அக்காதான், கல்யாணம்கூட பண்ணிக்கொள்ளாமல். அது எனக்குப் புரிகிறது. பதினோரு வருஷம் புரிந்துகொண்டே இருந்தேன்.

போன வருஷம் மே மாதம், சௌமியாவை நாட்றம்பள்ளியில் ஹாஸ்டல் ஸ்கூலில் சேர்த்தாயிற்று என்று அண்ணி சொன்னார். சேர்க்கலாமா என்று இல்லை — சேர்த்தாயிற்று. நான் அவரைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, “அக்கா செஞ்சா சரியாத்தான் இருக்கும்” என்றார். மறுநாள் நானும் சௌமியாவும் ஆம்பூர் பஸ்ஸில் இருந்தோம்.

படித்துப் பார்த்தால் இது ஒரு காரணம் மாதிரியே தெரியவில்லை. ஆனால் என்னால் திரும்பிப் போக முடியாது. இந்த ஒரு வருஷமாகத்தான் நான் நானாக மூச்சு விடுகிறேன்.

2024 ஜூன் 15, சனி

அப்பாவின் தோஸ்த் ஜம்புலிங்கம் வக்கீல். “நம்ம ஆளு, நம்ம ஆளு” என்று அப்பா மூன்று நாளாக ஓதி, இன்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வக்கீலுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நான் பேச ஆரம்பித்ததும் கண்ணை மூடினார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். லேசாகக் குறட்டை வந்தது. அப்பா இருமினார். உடனே கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வது போலக் கேட்டார்:

“கொழந்த இப்போ யாரு அனுபவத்துல இருக்குது?”

“எங்கிட்டதான் சார்.”

“பேஷ். சுவாதீனம் நம்மகிட்ட. பாதி ஜெயிச்ச மாதிரி. எதிர்பார்ட்டி உள்ள பூந்துடாம பாத்துக்கணும்.”

வெளியே வந்த பிறகுதான் பலகையைப் பார்த்தேன். நிலம், பாகப்பிரிவினை, எல்லைத் தகராறு.

“அப்பா, இவரு நில வக்கீல்ப்பா.”

“அதனால இன்னா? நமக்கும் தகராறுதானே.”

2024 ஜூன் 22, சனி

ஜம்புலிங்கம் சார் பதில் நோட்டீஸ் தயார் செய்து கொடுத்தார். அப்படியே எடுத்து எழுதுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்:

“மேற்படி சௌமியா என்கிற மைனரானது எமது கட்சிக்காரரின் ஏகபோக சுவாதீன அனுபவத்தில் யாதொரு வில்லங்கமுமின்றி இருந்து வருவதாலும், எதிர்தரப்பினர் அதில் பிரவேசிக்க யாதொரு பாத்தியதையும் இல்லாததாலும்…”

சௌமியா என் தோள் வழியாகப் படித்துவிட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துக் கேட்டாள்: “அம்மா, நான் எத்தனை சென்ட்?”

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “தமிழ் எவ்ளோ கெத்தா இருக்குது பாரு” என்றார்.

அனுப்பியாயிற்று. வேறு வழி? ஆனால் வழக்கு என்று வந்தால் வேறு வக்கீல் பார்க்க வேண்டும்.

2024 ஜூன் 24, திங்கள்

கேன்டீனில் விஷயம் பரவிவிட்டது. எங்கள் லைனில் இருக்கும் ஒவ்வொருத்திக்கும் ஒரு வக்கீலைத் தெரிந்திருக்கிறது. ஒருத்தி சொன்ன வக்கீல் ஜாமீன் எடுப்பவர். இன்னொருத்தியின் வக்கீல் கல்யாணத் தரகும் பார்ப்பாராம்: “பிரிச்சு விட்டதும் அவரே வேற எடம் பாத்துக் குடுப்பாரு, அலைச்சல் கம்மி.” கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பெயர் ஜெயசீலன். வேலூர். யூட்யூபில் வருகிறவர்.

இதற்கு நடுவே நான் செக் பண்ணி விட்ட ஜோடியில் இரண்டும் இடது கால். லைன் முழுக்க நிறுத்தித் தேடினோம்.

2024 ஜூலை 6, சனி

ஜெயசீலன் வக்கீல் ஆபீசில் ஏசி, கண்ணாடிக் கதவு, வீடியோ எடுக்க வட்ட விளக்கு. இளம் வயது. வேகமாகப் பேசுகிறார். எனக்கு நம்பிக்கை வந்தது. அரை மணிக்குள் போய்விட்டது.

“அடிப்பாரா?”

“இல்ல சார்.”

“ஒரு அறை? கோவத்துல? சும்மா ஒரே ஒரு அறை?”

“இல்ல.”

“குடி?”

“டீ குடிப்பாரு.”

“வேற லேடி யாராச்சும்?”

“அவங்க அக்கா.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “மேடம், இப்டி நல்லவரை வெச்சுக்கிட்டு நான் இன்னா பண்றது? கோர்ட்டுல சொல்ல ஒரு காரணம் வேணுமே.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஏதாவது ஒரு கொடுமையாவது பட்டிருக்கலாமோ?

“பரவால்ல, நான் பாத்துக்கிறேன். அடுத்த வாரம் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க.”

2024 ஜூலை 13, சனி

ஜெயசீலன் வக்கீல் மனுவை வாசித்தார். தறி நாடாக் கட்டையால் கோபிநாத் என் முதுகில் அடித்தாராம். வரதட்சணை கேட்டுப் பட்டினி போட்டாராம். நான் எழுந்தே விட்டேன். “இதெல்லாம் நடக்கலை சார்.” வக்கீல் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். “எல்லாரும் இப்டித்தான் போடுவாங்க மேடம். அவங்க இதைவிட ஜாஸ்தி போடுவாங்க பாருங்க. கொழந்தை வேணுமா, வேணாமா?”

வேணும். அதைத்தான் கேட்கிறார், நான் வாயை மூடிக்கொண்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் மூடிக்கொண்டேன்.

பிறகு சௌமியாவை எதிரே உட்கார வைத்து, சாக்லேட் கொடுத்து, குரலை இனிப்பாக்கிக் கேட்டார்: “பாப்பா, அப்பா அம்மாவை அடிச்சதை நீ பாத்திருக்கியா?”

“இல்ல அங்கிள். அம்மாதான் ஒரு தடவை அப்பா மேல வெண்டைக்காய் எறிஞ்சாங்க.”

“சரி… எறிஞ்சதுக்கு அப்பா இன்னா பண்ணாரு? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“பொறுக்கி எடுத்துக் கழுவி வெச்சாரு.”

வக்கீல் ஃபைலை மூடினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பை அடக்க.

திரும்பி வரும்போது, பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்: “அப்பா கெட்டவர்னு சொன்னாத்தான் நான் உங்கூட இருக்க முடியுமா?”

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. “இல்லடி” என்றேன். உண்மையா என்று எனக்கே தெரியாது.

2024 ஜூலை 14, ஞாயிறு

ஜெயசீலன் வேண்டாம். போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அவருக்கும் நிம்மதி போலத்தான் இருந்தது.

2024 ஜூலை 22, திங்கள்

வேலூர் குடும்ப நல கோர்ட்டிலிருந்து பேப்பர் வந்துவிட்டது. அவர்கள் வழக்குப் போட்டுவிட்டார்கள். எனக்கு எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் ஷபீ அஹமதுடன் தகாத உறவாம். அதனால் குழந்தையை வளர்க்கத் தகுதி இல்லையாம்.

நேரே அவருக்குப் போன் போட்டேன். ஒரு வருஷத்தில் முதல் தடவை.

“நீங்க போட்ட கேஸைப் படிச்சீங்களா?”

“இல்ல கலை… கையெழுத்து போடச் சொன்னாங்க. அக்காதான்…”

“பேப்பர் பக்கத்துல இருக்குதா? எடுங்க. நாலாவது பக்கம். எனக்குக் கேக்குற மாதிரி படிங்க.”

“இப்பவா?”

“இப்பவேதான்.”

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். “எதிர்மனுதாரர் தான் பணிபுரியும் தொழிற்சாலையில்… ஷபீ அஹமது என்பவருடன்…” நின்றுவிட்டார். பின்னால் தறி ஓடும் சத்தம் மட்டும்.

“படிங்க.”

“கலை… ஷபீ பாயா? நம்ம கல்யாணத்துக்குக் கைத்தடியோட வந்தாரே, அவரா?”

“அவரேதான். கல்யாணத்துக்கு முன்னாடி நான் வேலைக்குப் போனப்பவே மேனேஜரா இருந்தவரு. உங்க கையெழுத்து கீழ இருக்குது பாருங்க.”

“எனக்குத் தெரியாது” என்றார். பதினோரு வருஷமாக எனக்கு இருந்த வியாதியே அதுதான், அவருக்குத் தெரியாது என்பது. போனை வைத்துவிட்டு அழுதேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

2024 ஜூலை 24, புதன்

ஷபீ பாயிடம் நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். மத்தியானம் அவர் கேபினுக்குப் போய் நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்.

“நானா? மாடிப்படி ஏற முடியலன்னு கேபினைக் கீழ மாத்தச் சொல்லி நாலு மாசமா கெஞ்சிக்கிட்டு இருக்கேன். என் வீட்டுல சொல்லணும்மா. அவ நம்பவே மாட்டா, ஆனா சந்தோஷப்படுவா.”

பிறகு சிரிப்பை நிறுத்தினார். “உனக்குப் பேஜார்தான், தெரியுது. என் பொண்ணு கேஸைப் பாத்தது சவுரியம்மாள்னு ஒரு வக்கீலம்மா, வேலூர் சத்துவாச்சாரியில, பேக்கரி மாடியில. பொய் எழுத மாட்டாங்க. சனிக்கிழமை சாயந்திரம் இருப்பாங்க. போய்ப் பாரு.”

2024 ஆகஸ்ட் 3, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது!

பேக்கரி மாடி ஏறினேன். சின்ன ஹால், நாலு நாற்காலி. மூன்று காலி. நாலாவதில் கோபிநாத்.

இருவரும் ஒரே நேரத்தில் “நீங்க இன்னா இங்க?” “நீ இன்னா இங்க?” என்றோம்.

ஷபீ பாய்தான். மன்னிப்புக் கேட்க இவர் பாய்க்குப் போன் செய்திருக்கிறார். பாய் மன்னித்துவிட்டு, வக்கீலை மாற்றச் சொல்லி இதே முகவரியைக் கொடுத்திருக்கிறார். என்ன மனுஷன்!

“அக்கா எங்க?” என்று கேட்டேன்.

“தெரியாது அவங்களுக்கு. காட்பாடிக்கு நூல் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.” சொல்லிவிட்டு, படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

சவுரியம்மாள் மேடம் கதவைத் திறந்தார். நரைமுடி, பெரிய கண்ணாடி, கையில் பாதி கடித்த பப்ஸ். “யாரு முதல்ல?”

“நான்” என்றார் அவர். “நான்” என்றேன் நானும்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே கேஸா?” மேடம் பப்ஸை மேசையில் வைத்தார். “இந்தக் கேஸுல நான் ஒருத்தருக்குத்தான் வக்கீலா இருக்க முடியும். முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க.”

முடிவு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் கை சட்டைப் பைக்குப் போனது. காத்திருந்தேன், போனை எடுத்து அக்காவிடம் கேட்பார் என்று. கேட்கவில்லை. எழுந்து நின்றார்.

“இவங்களுக்கே இருங்க மேடம். பொய்க் கேஸு எம்பேர்லதான் வந்துச்சு. இவங்களுக்குத்தான் நல்ல வக்கீல் வேணும்.” பிறகு என்னிடம், தயங்கித் தயங்கி: “எனக்கு வேற யாராச்சும் தெரியுமா கலை?”

ஜெயசீலன் வேண்டாம் என்றேன். அப்புறம் யோசித்து, “ஆம்பூர்ல ஜம்புலிங்கம்னு ஒருத்தர் இருக்காரு. நில வக்கீல். தூங்குவாரு. ஆனா பொய் எழுத மாட்டாரு” என்றேன்.

நம்பரைக் குறித்துக்கொண்டு இறங்கிப் போனார். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்து, “அந்த நாலாம் பக்கத்துக்கு…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

மேடம் பப்ஸை எடுத்துக்கொண்டார். “சரி, உக்காரு. உனக்கு எதுக்குப் பயம்? அதை மட்டும் முதல்ல சொல்லு.” எந்த வக்கீலும் இதைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் சௌமியா தனியாகத் தூங்கி எழுந்து, எனக்குத் தெரியாமலே அவளைப் பற்றிய முடிவுகள் நடந்துவிடுமோ என்பதுதான் பயம் என்றேன். மேடம் தலையை ஆட்டி, எழுதிக்கொண்டார்.

2024 ஆகஸ்ட் 7, புதன்

எனக்காக நோட்டீஸ் அனுப்பியவர் என்பதால், ஆட்சேபணை இல்லை என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஜம்புலிங்கம் சார் கோபிநாத்தின் வக்காலத்தை ஏற்றுக்கொண்டார். அப்பா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

“முப்பது வருஷப் பழக்கம்டி! எதிர்பார்ட்டிகிட்ட போய்ட்டான்!”

“நான்தான்ப்பா அனுப்பினேன்.”

“நீயா?” கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அப்போ நம்ம கேஸு தோத்துச்சுன்னா அவன் ஜெயிப்பான். ஜெயிச்சா நான் தாங்க மாட்டேன்.”

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். மட்டன்.

2024 செப்டம்பர் 20, வெள்ளி

கோர்ட்டில் சமரசப் பேச்சு. பங்கஜம் அண்ணி முன்னால் நடந்து வந்தார், அவர் பின்னால். வாசலில் இருந்த கோர்ட் ஊழியரம்மா கையை நீட்டித் தடுத்தார்: “பார்ட்டி மட்டும்தான் உள்ள.”

“நான்தான் பார்ட்டி” என்றார் அண்ணி.

“நீங்க மனைவியா?”

“அக்கா.”

“அப்போ அந்த பெஞ்சு.”

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்ததை இன்றுதான் முதல் தடவை பார்த்தேன், யாரோ சொல்லி. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவாகச் சந்தோஷமாக இல்லை.

உள்ளே சமரசர் கோபிநாத்திடம் கேட்டார்: “உங்களுக்கு இன்னா வேணும்?”

அவர் கதவைப் பார்த்தார்.

“கதவு பேசாதுங்க. நீங்க பேசுங்க.”

ஜம்புலிங்கம் சார் உதவிக்கு வருவார் என்று பார்த்தால், கண்ணை மூடியிருந்தார். பிறகு கோபிநாத் தலையைக் குனிந்தபடி சொன்னார்:

“நாலாம் பக்கம் பொய்ங்க. அதை எடுத்துடுங்க முதல்ல. பாப்பா அம்மாகிட்டயே இருக்கட்டும், நல்லாத்தான் வளக்குறாங்க. இவங்க திரும்பி வர மாட்டாங்கன்னும் தெரியும். பாப்பா… தூங்குறப்போ என் காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. ஒரு வருஷமா என் காது சும்மா இருக்குதுங்க. வாரத்துல ஒரு நாள் அவளைப் பாக்கணும். அவ்ளோதான்.”

சமரசர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் கைக்குட்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை. சவுரியம்மாள் மேடம் பேக்கரி டிஷ்யூ ஒன்றைத் தள்ளினார். எண்ணெய்ப் பிசுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அழைத்துப் போகலாம், ராத்திரி தங்குவது மட்டும் வேண்டாம் என்றேன். அவர் சரி என்றார். அண்ணியைக் கேட்காமல் சரி என்றார்.

ஆனாலும், இதைக் கேட்டு என் மனது மாறவில்லை. பாவம் என்று ஒருவரோடு வாழ முடியாது. இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து என்று மனுவை மாற்றிப் போடப் போகிறோம்.

2024 அக்டோபர் 5, சனி

ஒப்பந்தத்தை ஜம்புலிங்கம் சார் எழுதி அனுப்பியிருந்தார். மேடம் வாசித்துக் காட்டினார்:

“மேற்படி தகப்பனார் ஞாயிறுதோறும் மேற்படி மைனரிடம் யாதொரு தடையுமின்றி வரப்போக இருக்கும் பாத்தியதையை இருதரப்பினரும், இவர்தம் உறவினர்களும் எக்காலத்திலும் மறிக்கக் கூடாது.”

“இது வழிப்பாதைக்கு எழுதுறது. வயலுக்கு மாடு போய் வர்ற வழிக்கு” என்று மேடம் சிரித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார். “உறவினர்களும்னு போட்டிருக்காரு பாரு. அந்த அக்காவுக்கும் சேத்து. கெழவர் தூங்கலை. இருக்கட்டும், இதை மாத்த வேணாம்.”

2025 ஏப்ரல் 24, வியாழன்

விவாகரத்து ஆகிவிட்டது. நீதிபதி இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் இரண்டு பேரும் “ஆமாங்க” என்றோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் பதில் சொன்னதில்லை.

வெளியே அப்பாவும் ஜம்புலிங்கம் சாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

2025 ஜூலை 13, ஞாயிறு

மத்தியானம் அவர் போன். சௌமியாவுக்கு நல்ல காய்ச்சல். டாக்டரிடம் காட்டிவிட்டார், ஊசி போட்டாயிற்று, தூங்குகிறாள். “பயப்படாதே, ஆனா உனக்குச் சொல்லணும்ல.”

அடுத்த பஸ்ஸில் குடியாத்தம் போனேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது அந்தத் தெருவை மிதித்து. கதவைத் திறந்தது பங்கஜம் அண்ணி. இருவரும் நின்றோம். அவர்தான் நகர்ந்து வழி விட்டார்.

“நானும் டாக்டர்கிட்ட வர்றேன்னேன். வேணாம், நான் பாத்துக்கிறேன்னுட்டான்” என்றார். குரலில் புகார்தான். ஆனால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொல்கிறார்.

“கஞ்சி குடிச்சாளா அண்ணி?”

“பாதி. மீதியைத் துப்பிட்டா. உன்ன மாதிரிதான்.”

கட்டிலின் ஒரு பக்கம் அவர், நெற்றித் துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டு. நான் மறுபக்கம் உட்கார்ந்தேன். சாயந்திரம் அவள் கண் விழித்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க இங்க? நான் செத்துடப் போறேனா?”

அவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் நான். சமையலறையிலிருந்து அண்ணியும் சிரித்த மாதிரிதான் கேட்டது.

காய்ச்சல் குறைந்திருந்தது, விடவில்லை. இந்த உடம்போடு பஸ்ஸில் கொண்டுபோவது சரியில்லை. அவர் என்னைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு பகல் மட்டும் என்று நான் போட்ட நிபந்தனை அவருக்குத் தெரியும். பையில் துணி எடுத்து வைக்க எழுந்தார்.

“இருக்கட்டும்” என்றேன். “ராத்திரி இங்கயே தூங்கட்டும். நாளைக்கும் இருக்கட்டும். ஸ்கூலுக்கு நான் சொல்லிடறேன். சரியானதும் கொண்டாந்து விடுங்க.”

சௌமியா எனக்குக் கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

பேரணாம்பட்டு வழி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. ஏறினதுதான் ஞாபகம். கண்டக்டர் தட்டி எழுப்பி, “ஆம்பூர் வந்துச்சும்மா, எறங்கு” என்றார்.